பைசன் கட்டப் போகிறீர்களா? செட் வாங்குமுன் கண்ணாடியைப் பாருங்கள்

மிக்-21 போர் விமானம் இந்திய விமானப்படையிலிருந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 1963-இல் அதன் முதல் ஸ்குவாட்ரன் உருவானதும் அதே ஊரில்தான். கடைசி வரை பறந்தது பைசன் என்ற மேம்படுத்தப்பட்ட ரகம். அதனால் மாடல் கட்டுகிற நம்மவர்களில் பலருக்கு இப்போது ஒரு பைசன் மேல் கண். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிப் போனது சியூ2328 என்ற எண்ணுடைய பைசன். அந்த எண்ணை ஒட்டிய மாடல் ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும் என்று நினைக்காதவர் குறைவு.

சிக்கல் என்னவென்றால், கடையில் எளிதாகக் கிடைப்பது மிக்-21பிஸ் என்ற முந்தைய ரகத்தின் கிட், அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பெட்டி. பைசன் என்பது அந்த பிஸ் விமானத்தையே எடுத்து மாற்றியமைத்தது. ஆகவே பிஸ் கிட் வாங்கி, அதைப் பைசனாக மாற்றுவதற்கென்று சிறு நிறுவனங்கள் தனியாக விற்கும் கன்வெர்ஷன் செட் என்ற மாற்றுப் பாகங்களைச் சேர்த்துக் கட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது ஒன்றே வழியா? செட் வாங்கலாம், முப்பரிமாண அச்சில் எடுக்கலாம், வேண்டிய பாகத்தை வீட்டிலேயே செய்யலாம், ஒன்றுமே மாற்றாமல் பிஸ்ஸாகவே கட்டலாம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பைசன் மாடல் பைசனாகத் தெரிவது ஒரே ஒரு கண்ணாடிப் பாகத்தால். எந்த வழி அந்தப் பாகத்தை உங்களுக்கு ஒழுங்காகத் தருகிறதோ அதுதான் சரியான வழி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பிஸ்ஸுக்கும் பைசனுக்கும் என்ன வித்தியாசம்

உள்ளே பார்த்தால் நிறைய. மூக்குக் கூம்புக்குள் ரஷ்யாவின் கோப்யோ ரேடார், புதிய ஹெட்-அப் டிஸ்ப்ளே (விமானியின் கண் முன் தகவல் காட்டும் கண்ணாடி), பன்முகத் திரை, உள்நாட்டில் உருவான தரங் எச்சரிக்கைக் கருவி, ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகளைச் சுடும் திறன். 1996-இல் ஒப்பந்தமாகி, முதல் இரண்டு விமானங்கள் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கொரோதில் மாற்றப்பட்டன. மற்றவை நாசிக்கில் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஆலையில். மொத்தம் 125 விமானங்கள். மாற்றப்பட்ட விமானங்களின் எண்ணில் 'சி' என்ற எழுத்து 'சியூ' ஆனது.

ரேடார் மாறினாலும் கூம்பு கூம்பாகவே இருக்கிறது. இன்ஜின் அதே ஆர்-25. இறக்கை, வால், சக்கரக்கால், வயிற்றடியில் இருக்கும் இரட்டைக் குழல் 23 மி.மீ. பீரங்கி எதுவும் மாறவில்லை. வெளியே கண்ணில் படுவது கொஞ்சம்தான்: அங்கங்கே முளைத்த புதிய ஆன்டெனாக்கள், எதிரி ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃப்ளேர் வீசும் பெட்டிகள், இறக்கையடியில் ஆர்-77, அப்புறம் நான் சொன்ன அந்தக் கண்ணாடி, விமானிக்கு முன்னால் இருக்கும் விண்ட்ஸ்கிரீன்.

பிஸ்ஸின் விண்ட்ஸ்கிரீன் மூன்று துண்டு. நடுவில் தட்டையான தடித்த கவசக் கண்ணாடி, இரு பக்கமும் வளைந்த கண்ணாடிகள், இடையே பட்டையான உலோகச் சட்டங்கள். மிக்-21 என்றதும் மனதில் வரும் அந்த முறைத்த முகம் இந்தச் சட்டங்களால் வந்தது. பைசனில் இது போய், சட்டமே இல்லாமல் ஒரே துண்டாக வளைந்த கண்ணாடி வந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஆன்டெனா தெரியாது, ஃப்ளேர் பெட்டி தெரியாது, இது தெரியும்.

இன்னொரு விளைவும் உண்டு. பழைய விண்ட்ஸ்கிரீனில் சட்டங்கள் மறைத்துக்கொண்டிருந்த ஹெட்-அப் டிஸ்ப்ளேயும் கருவிப்பலகையின் மேல்விளிம்பும் இதில் பளிச்சென்று வெளியே தெரிகின்றன. கண்ணாடியை மாற்றிவிட்டு உள்ளே பழைய சோவியத் காட்சிக்கருவியை வைத்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்.

எந்த கிட்டின் மேல் கட்டுவது

1/48 (நிஜ விமானத்தில் 48-இல் ஒரு பங்கு அளவு) என்றால் யோசிக்கத் தேவையில்லை, செக் நாட்டின் எடுவார்ட். 2011 முதல் அவர்கள் மிக்-21 வரிசையை வெளியிட்டு வருகிறார்கள். உடல் வடிவம், பேனல் கோடு, சக்கர அறை எல்லாம் மற்ற பழைய கிட்களை விட வெகு தூரம் முன்னே. 1/72-இலும் பின்னர் அதே நிறுவனம் வந்துவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் 'மிக்-21' என்று இருந்தால் மட்டும் போதாது, பிஸ் என்று இருக்க வேண்டும். எம்எஃப் என்ற இன்னொரு ரகத்தின் கிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் முதுகு தகராறு செய்யும். பிஸ்ஸின் முதுகுத்தண்டு எம்எஃப்-ஐ விடப் பருமனானது. எந்த கன்வெர்ஷன் செட்டும் அந்த முதுகை மாற்றித் தராது. புட்டி வைத்துத் தேய்த்துச் சரிக்கட்டுவதற்கு வேறு கிட் வாங்கிவிடலாம். அதே போல ஊர் முச்சந்தியிலும் கல்லூரி வாசலிலும் நிற்கும் மிக்-21-ஐப் படமெடுத்து வைத்துக்கொண்டு கட்டுகிறவர்கள் உண்டு. அப்படி நிற்பவற்றில் நிறைய டைப் 77 எனப்படும் எஃப்எல் ரகம். முதுகு ஒல்லி, மூக்கின் மேலிருக்கும், காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் நட்டநடுவில். பிஸ்ஸில் அந்தக் குழாய் வலப்பக்கம் தள்ளியிருக்கும். வாசலில் நிற்பது எந்த ரகம் என்று பார்க்க இந்த ஒரு அடையாளமே போதும்.

எடுவார்ட் ஒரே பிளாஸ்டிக்கைப் பல பெட்டிகளில் விற்கிறது. ப்ரோஃபிபேக் பெட்டியில் வண்ணம் அச்சிட்ட போட்டோ-எட்ச் தகடு (நுணுக்கமாக அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு), காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனபிக்கு வெட்டிய மாஸ்க் (பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்), ஏகப்பட்ட டிகால் (உடலில் ஒட்டும் எண், சின்னங்கள்). வீக்கெண்ட் பெட்டி சிக்கனமானது. ஓவர்ட்ரீஸ் என்றால் வெறும் ஸ்ப்ரூ (பிளாஸ்டிக் பாகங்கள் கோத்த சட்டம்) மட்டும். சாதாரணமாக யார் கேட்டாலும் ப்ரோஃபிபேக் வாங்குங்கள் என்பேன். பைசனுக்கு மட்டும் சொல்லமாட்டேன். அந்த அழகான கருவிப்பலகைத் தகடு பிஸ்ஸுடையது, பைசனின் பலகை வேறு. மாஸ்க்கில் விண்ட்ஸ்கிரீனுக்கானது மூன்று துண்டுக்கு வெட்டியது, பயன்படாது. டிகாலில் சின்னச் சின்ன எச்சரிக்கை எழுத்துகளைத் தவிர மற்றது பெட்டியிலேயே கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய பாதிப் பொருளைத் தூக்கி வைப்பதற்கு வீக்கெண்ட் போதும், கிடைத்தால் ஓவர்ட்ரீஸ் இன்னும் மேல். மிச்சமாகும் பணம் செட்டுக்கு ஆகும்.

பழைய கிட்களைப் பற்றி ஒரே வரி: வீட்டில் சும்மா கிடந்தால் பழகிப் பார்க்க எடுங்கள், பைசனுக்கென்று தேடி வாங்காதீர்கள். கன்வெர்ஷன் செட்டுகள் ஒரு குறிப்பிட்ட கிட்டை அளந்துதான் வார்க்கப்படுகின்றன. எடுவார்டுக்குச் செய்த விண்ட்ஸ்கிரீன் இன்னொரு நிறுவனத்தின் உடலில் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்கு அடியில் அரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அது புட்டியால் மூடிக் கதை முடிகிற விஷயம் இல்லை.

ஸ்கேல் எது? பிஸ்ஸின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/48-இல் 149 மி.மீ., 1/72-இல் ஏறக்குறைய 99 மி.மீ. மிக்-21 சின்ன விமானம் என்பதால் 1/48-இலும் அலமாரியை அடைக்காது. விண்ட்ஸ்கிரீன் 1/48-இல் கட்டைவிரல் நகம் அளவு வரும், 1/72-இல் சுண்டுவிரல் நகம் அளவு. கையால் செய்யப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒற்றைப் பைசன் கட்டுகிறீர்கள் என்றால் 1/48. இந்திய விமானப்படையின் எல்லா மிக்-21 ரகத்தையும் வரிசையாக நிறுத்தும் ஆசை இருந்தால் மட்டும் 1/72.

ரெசின் செட்

கன்வெர்ஷன் செட்டுகள் பெரிய ஆலைகளில் வருபவை அல்ல. ஒருவர் இருவர் சேர்ந்து சிலிகான் அச்சில் கையால் ரெசின் (ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) ஊற்றி எடுப்பவை. இன்று இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தேடினால் இருக்காது. விலையும் பல சமயம் கிட் விலையை நெருங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்கம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சின்னப் பொட்டலம்தானே என்று சுங்கம் விடாது.

வாங்குமுன் செட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: ஒளிபுகும் விண்ட்ஸ்கிரீன் உள்ளே இருக்கிறதா? ரெசின் துண்டுகள் பத்துப் பதினைந்து இருந்து, விண்ட்ஸ்கிரீன் இல்லாமல் 'கிட்டில் உள்ளதைத் தேய்த்துக்கொள்ளவும்' என்று குறிப்பு மட்டும் இருந்தால் அந்த செட் எனக்கு வேண்டாம். ஆன்டெனாவும் ஃப்ளேர் பெட்டியும் நானே பிளாஸ்டிக் தாளில் வெட்டிக்கொள்வேன். என்னால் எளிதில் செய்ய முடியாததைத் தருவதற்குத்தானே செட்.

விண்ட்ஸ்கிரீன் இருந்தால், அது எந்த வகை என்பது அடுத்த கேள்வி. வாக்யூம் முறையில், அதாவது சூடாக்கிய தாளைக் காற்றை உறிஞ்சி அச்சின் மேல் இழுத்துச் செய்த மெல்லிய கண்ணாடி என்றால் பார்வைக்கு அருமையாக இருக்கும், உண்மையான கண்ணாடியின் மெல்லிய விளிம்பு கிடைக்கும். ஆனால் வெட்டுவதற்கு நிதானம் வேண்டும். புதுப் பிளேடு, உள்ளே புட்டியோ ப்ளூ-டேக்கோ அடைத்துக் கெட்டியாக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் வெட்டாமல் பல முறை லேசாகக் கீறிக் கீறிப் பிரிக்க வேண்டும். நல்ல செட்டில் இரண்டு பிரதி தருவார்கள், ஒன்று வீணானாலும் ஒன்று இருக்கட்டும் என்று. தெளிந்த ரெசினில் வார்த்தது என்றால் கையாள எளிது. ஆனால் தடிமன் அதிகம், உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம், வருடம் போனால் சில மஞ்சளாகின்றன. இரண்டில் ஒன்றென்றால் நான் வாக்யூம் பக்கம்.

ரெசினில் பழகாதவர்களுக்குச் சில விஷயம். பிளாஸ்டிக் சிமென்ட் இதில் ஒட்டாது. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி. அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப்பசை மேலே இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். வளைந்துபோன துண்டு வந்தால் பதற வேண்டாம், வெந்நீரில் முக்கி எடுத்தால் நேராக்கலாம். தூளை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ரெசின் தூள் மூச்சுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகத்தில் நல்ல மாஸ்க் இருக்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் அறையில் இந்த வேலை கூடாது.

வார்த்த ரெசின் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கருவிப்பலகை மாதிரிச் சின்னத் துண்டில் தெரியாது. மூக்கு வளையம் மாதிரி உடலின் முழுச் சுற்றளவுக்கும் பொருந்த வேண்டிய பாகத்தில் தெரியும். பைசனுக்கு மூக்கை மாற்றவே தேவையில்லை. ஆகவே ஒரு செட் முழு மூக்கையும் ரெசினில் தந்து அதைக் காரணம் காட்டி விலை ஏற்றினால், அது உங்களுக்கு லாபமில்லை, கூடுதல் வேலை.

விமானி உட்காரும் காக்பிட் பற்றியும் ஒரு வார்த்தை. மிக்-21-இன் காக்பிட் கிணறு மாதிரி குறுகலானது. கேனபியை மூடினால் பக்கவாட்டுப் பலகைகள் கண்ணுக்கு வரவே வராது. திறந்து வைத்தால் கேனபி வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், அப்போதும் சீட்டின் தலைப்பகுதியும் முன்பலகையும்தான் தெரியும். விமானியின் கேஎம்-1 சீட் மாறவில்லை என்பதால் எடுவார்டின் சீட்டே போதும். முன்பலகையும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயும் மட்டும் செட்டிலிருந்து எடுத்தால் காரியம் முடிந்தது.

முப்பரிமாண அச்சு

இப்போது நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஃபைலை வாங்கி, ஊரிலேயே அச்சிட்டுத் தருபவரிடம் கொடுத்தால் சுங்கம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஒன்று உடைந்தால் இன்னொன்று அச்சிடலாம். நுணுக்கத்தில் கையால் வார்த்த ரெசினை விட மேல்.

இதன் மேன்மை எங்கே தெரிகிறது என்றால் ஆர்-77 ஏவுகணையின் வால் பகுதியில். அதன் பின் துடுப்புகள் தட்டையான தகடு இல்லை, ஜன்னல் வலைக்கம்பி போலக் கட்டம் கட்டமாக, காற்று ஊடுருவிப் போகும் விதத்தில் அமைந்தவை. நிஜ ஏவுகணை 3.6 மீட்டர் நீளம், 1/48-இல் 75 மி.மீ. அதில் ஒவ்வொரு துடுப்பும் நகக்கண் அளவு. ஊசிவார்ப்பு பிளாஸ்டிக்கில் இதைத் திறந்த கட்டமாக எடுக்கவே முடியாது. பெரும்பாலும் திடத் தகட்டில் கோடு போட்டுத் தந்துவிடுவார்கள். போட்டோ-எட்ச்சில் வரும், ஆனால் தகட்டை மடித்து அடுக்கி ஒட்ட வேண்டும், ஆழமும் போதாது. அச்சில் மட்டும் ஏவுகணையும் துடுப்பும் ஒரே துண்டாக, ஒளி ஊடுருவும் கட்டங்களோடு வரும். பைசனில் செலவு செய்ய ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் விண்ட்ஸ்கிரீனுக்கு அடுத்து இதைச் சொல்வேன். அச்சிடும்போது பாகத்தைத் தாங்கும் கம்பிகளை வெட்டும்போது மட்டும் பொறுமை வேண்டும். இந்த ரெசின் கண்ணாடி போல் நொறுங்கும், லேசாக வெதுவெதுப்பான நீரில் நனைத்து மென்மையாக்கிவிட்டு வெட்டினால் துடுப்பு பிழைக்கும்.

ஆனால் நம் முக்கியப் பாகத்துக்கு வரும்போது அச்சு கைவிட்டுவிடுகிறது. தெளிந்த ரெசினில் அச்சிட்ட விண்ட்ஸ்கிரீனை விற்கிறார்கள். அடுக்கடுக்காக உருவான பொருளில் அடுக்கு வரி இருந்தே தீரும். வெளிப்பக்கத்தை மெருகேற்றலாம், இவ்வளவு சின்னக் குழிவான உள்பக்கத்தை எதை வைத்து மெருகேற்றுவது? மேலே நிறமில்லாத கிளியர் வார்னிஷ் பூசினால் வரி மறையும், ஆனால் ஒளி வளைந்து உள்ளே உள்ள ஹெட்-அப் டிஸ்ப்ளே கலங்கித் தெரியும். அச்சை இன்னொரு விதமாகப் பயன்படுத்தலாம். விண்ட்ஸ்கிரீன் வடிவத்தில் திடமான ஓர் அச்சுக்கட்டையை எடுத்து, வெளிப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை இழுப்பது. அது அடுத்த வழியோடு சேர்கிறது.

வீட்டிலேயே செய்வது

கேட்கப் பயமாக இருக்கும், செய்து பார்த்தால் அவ்வளவு இல்லை. முதலில் குறுக்கு வழி ஒன்றைத் தள்ளிவிடுவோம். கிட்டில் உள்ள விண்ட்ஸ்கிரீனின் சட்டங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மெருகேற்றி, பைசன் என்று சொல்லிக்கொள்வது. சட்டம் போகும், நடுவில் உள்ள தட்டைக் கண்ணாடி தட்டையாகவே நிற்கும். தடிமன் இருப்பதால் ஓரங்களைக் கொஞ்சம் உருட்டலாம், ஆனாலும் வெளிச்சம் பட்டால் நடுவில் ஒரு தட்டைப் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். 1/72-இல் கண்டுகொள்ளாமல் விடலாம், 1/48-இல் முடியாது.

சரியான முறை இது. கிட்டின் விண்ட்ஸ்கிரீனை உடலில் ஒட்டாமல் வைத்துப் பார்த்து, அதன் அடிக்கோட்டை மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அடியளவுக்கு ஏற்ப எம்-சீலோ வேறு எபாக்ஸி புட்டியோ பிசைந்து ஒரு கட்டை உருவாக்கிக் காயவிடுங்கள். கட்டையின் அடியில் இன்னும் ஒரு விரல்கடை உயரம் கூடுதலாக இருக்கட்டும், தாள் அங்கே வரை இறங்கினால்தான் நம் பாகத்தின் விளிம்பில் சுருக்கம் விழாது. காய்ந்ததும் பக்கவாட்டுப் படங்களையும் நேர்முகப் படங்களையும் பார்த்துப் பார்த்து வடிவத்துக்குத் தேயுங்கள். பிளாஸ்டிக் தாளின் தடிமன் அளவுக்குக் கட்டை சிறியதாக இருக்க வேண்டும் என்பதை மறந்தால், வெளிவரும் கண்ணாடி உடலை விட அகலமாகப் போய்விடும். கடைசியில் 2000 எண் உப்புத்தாள், அப்புறம் மெருகுக் களிம்பு. கட்டையில் நகக்கீறல் இருந்தால்கூட அது கண்ணாடியில் பதியும்.

தாளுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். குளிர்பான பாட்டிலின் நேரான பகுதி போதும். அந்த பிளாஸ்டிக்குக்குச் சூடுபட்டால் சுருங்கும் குணம் உண்டு. கட்டையை ஒரு குச்சியில் பொருத்தி, அடிப்பக்கம் வெட்டிய பாட்டிலுக்குள் செருகி, ஹீட் கன்னால் எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினால், பாட்டில் தானாகவே சுருங்கிக் கட்டையைக் கவ்விப் பிடிக்கும். இந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது. ஒரே இடத்தில் சூடு அதிகமானால் பிளாஸ்டிக் பால்போல் வெளுத்துவிடும், வெளுத்தது தெளியாது. அப்படியானால் அதை எறிந்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுக்க வேண்டியதுதான். இந்த முறையின் பெரிய சௌகரியமே அதுதான்: செட்டில் வரும் ஒன்றிரண்டு பிரதியை வெட்டும்போது கை நடுங்கும், இதில் நடுங்காது. கட்டை இருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் இழுக்கலாம்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கத்தில் வெண்படலமாகப் படியும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், சின்ன இடைவெளியையும் அதுவே அடைத்துவிடும்.

ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கு, மீந்த பாட்டில் துண்டிலேயே சின்னச் செவ்வகம் வெட்டிச் சாய்வாக நிறுத்தி, அடியில் பிளாஸ்டிக் தாளில் ஒரு பெட்டி. ஆன்டெனாக்களுக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாள். இங்கே செலவு என்று பார்த்தால் புட்டியும் மின்சாரமும்தான். வார இறுதி ஒன்று போகும்.

மாற்றாமலே விடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். இந்திய விமானப்படையில் பிஸ்ஸும் பிஸ்ஸாகவே பறந்தது, டைப் 75 என்ற பெயரில். ஹெச்ஏஎல் நாசிக்கில் உரிமம் பெற்றுக் கட்டிய ரகங்களில் அதுவும் ஒன்று. எடுவார்ட் கிட்டைப் பிரித்து, அப்படியே கட்டி, மூவண்ண வட்டம் ஒட்டினால் ஒரு துளி ரெசின் இல்லாமல் முழுக்க முழுக்கச் சரியான இந்திய விமானம். அப்போது ப்ரோஃபிபேக் பெட்டியும் அர்த்தமுள்ள செலவாகிறது, அந்தத் தகடும் மாஸ்க்கும் முழுதாகப் பயன்படும். முதல் ஜெட் மாடல் கட்டுகிறவர் யாராவது என்னிடம் பைசன் பற்றிக் கேட்டால், முதலில் ஒரு பிஸ் கட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். காற்று உள்ளே போகும் இன்டேக்கை உடலோடு இணைப்பது, வால் தரையில் சாயாதபடி மூக்கில் எடை வைப்பது, உடலின் மேல்கீழ்த் தையலைத் தேய்த்து மறைப்பது, இதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அதைக் கற்கும்போது விலையுயர்ந்த ரெசின் கையில் இருக்க வேண்டாம்.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது: ரெசின் காக்பிட் வைத்தால் மூக்கு கொஞ்சம் கனக்கும், அதனால் எடையே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். உடலின் இரண்டு பாதியையும் டேப்பால் சேர்த்து, இறக்கையை வைத்து, பின்சக்கரம் வரும் இடத்தில் இரு விரலால் தாங்கிப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்தால் சரி. பின்னால் ரெசின் ஜெட் குழாய் ஏதாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதையும் உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள்.

எதை எடுப்பது

பிஸ் கிட் ஏற்கெனவே கட்டியவர், கையில் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர் என்றால் என் தேர்வு கலப்புதான்: வீக்கெண்ட் பெட்டி, வீட்டில் இழுத்த விண்ட்ஸ்கிரீன், அச்சில் எடுத்த ஆர்-77, கையால் செய்த ஆன்டெனா. செலவும் குறைவு, பலனும் முழு செட்டுக்குக் குறையாது. ஹீட் கன்னைத் தொடவே விருப்பமில்லை என்பவருக்கு ரெசின் செட், ஆனால் விண்ட்ஸ்கிரீன் உள்ளே இருக்கிற செட் மட்டும். ரெசின் தூளுக்கு இடமில்லாத ஒற்றை அறை வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் செட் பக்கமே போகாதீர்கள், பிஸ் கட்டுங்கள்.

பெயின்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பைசன்கள் சாம்பல் நிறங்களில் பறந்தவை, வெயிலில் வெளுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தவை. உங்கள் எண்ணின் படம் எதுவோ அதுவே உங்கள் நிறம்.

எண்ணைப் பற்றி மட்டும் கவனம். சியூ2328 கட்டுகிறவர்கள் ஸ்ரீநகரில் இருந்த 51-ஆம் ஸ்குவாட்ரனின் படங்களைத் தேட வேண்டும். 2019-க்குப் பிறகு எடுத்த வேறு பைசனின் படத்தை வைத்து அந்த எண்ணை ஒட்டினால் ஆன்டெனா ஒன்று கூடும், குறையும். அன்று என்ன ஆயுதம் சுமந்தது, எதை வீழ்த்தியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை, மாடலில் அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆர்-77, ஆர்-73, நடுவில் எரிபொருள் தொட்டி என்பது பைசன்களுக்குப் பொதுவான அமைப்பு. எந்தப் பைலனில் (ஆயுதம் மாட்டும் தாங்கியில்) எது தொங்குகிறது என்று பறக்கும் படத்தில் பார்த்துவிட்டு ஏவுகணையை ஆர்டர் செய்யுங்கள். டிகால் அதற்கும் முன்னால். பைசனுக்கான டிகால் தாள்கள் ரெசின் செட்டை விட அரிதாகக் கிடைப்பவை. எண்ணும் சின்னமும் கையில் வருமுன் கிட்டைப் பிரிக்காதீர்கள்.